டிராயரில் கிடக்கும் நான்கு வேப்கள்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

இந்த முறை கட்டணமும் இல்லை, தேர்வு அட்டவணையும் இல்லை. வேப், அதாவது மின் சிகரெட் பற்றி எழுதுகிறேன். என் மேசை டிராயரில் இப்போது நான்கு கிடக்கின்றன. ஒன்று பென் டிரைவ் மாதிரி, இரண்டு ஹைலைட்டர் மாதிரி. நான்காவதை நான் ஏதோ பவர் பேங்க் என்று நினைத்துத் தொலைந்த பொருள் பெட்டியில் போட்டுவிட்டேன், ஒரு வாரமாகியும் யாரும் கேட்டு வரவில்லை, ஏன் வரவில்லை என்று அப்புறம்தான் உறைத்தது.

"வெறும் ஆவிதான் சார்" என்கிறார்கள் பிள்ளைகள். அது தண்ணீர் ஆவி இல்லை. உள்ளே ஒரு கம்பிச்சுருள் சூடாகி, ப்ரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருட்கள், நிகோடின் எல்லாம் கலந்த திரவத்தை நுண்துளிகளாக்குகிறது. பல வருஷம் புகைத்த ஒருவர் சிகரெட்டை அடியோடு விட்டு இதற்கு மாறினால் அவருக்கு ஆபத்து குறையும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் பிள்ளை எதிலிருந்தும் மாறவில்லையே, நேராக இதில்தானே தொடங்கியிருக்கிறது.

முன்பெல்லாம் முதல் இழுப்பிலேயே தொண்டை எரியும், இருமல் வரும், பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். இப்போது வரும் பல கருவிகளில் இருப்பது நிகோடின் உப்பு. நிகோடினோடு அமிலம் சேர்த்து அந்த எரிச்சலைக் குறைத்திருக்கிறார்கள், அதனால் அளவு கூடினாலும் தொண்டைக்குத் தெரிவதில்லை. ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் என்று போட்ட, 2 மில்லி திரவம் உள்ள கருவியில் 40 மில்லிகிராம் நிகோடின் இருக்கிறது. ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேர்வது ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிகிராம்தான். அதோடு சிகரெட் ஒரு கட்டத்தில் தீர்ந்து அணைந்துவிடும். இதற்கு அந்த முடிவே கிடையாது, போர்வைக்குள்ளும் இழுக்கலாம்.

இனி எங்கள் தவறைச் சொல்கிறேன். ஒரு மாணவர் தானாகவே வந்து கருவியைக் கொடுத்தார், பாராட்டி அனுப்பினோம். மூன்றாம் நாள் வகுப்பில் ஆசிரியரிடம் எரிந்து விழுந்தார், நோட்டைத் தூக்கி எறிந்தார், நாங்களும் வழக்கம்போல வெளியே நிற்க வைத்தோம். நிகோடினை நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம்: எரிச்சல், தூக்கமின்மை, கவனம் நிற்காமை. அப்புறம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் மெல்ல அடங்கும். அது தெரியாமல், விடுவதற்குப் போராடிய பிள்ளையைத்தான் தண்டித்திருக்கிறோம். வீட்டில் நீங்கள் இதைச் செய்துவிடாதீர்கள்.

பையைக் குடைவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் இழுப்பு? ஐந்து நிமிஷத்துக்குள் என்றால் பிடி இறுகியிருக்கிறது, தனியாக விடச் சொல்வதைவிட மருத்துவரிடம் அழைத்துப் போவது மேல். நிகோடின் சூயிங்கமோ தோலில் ஒட்டும் பட்டையோ தேவையா என்று அவர் சொல்லட்டும், நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். அரை மணி, ஒரு மணி தாங்குகிறது என்றால் அந்த முதல் இழுப்பைத் தினமும் கொஞ்சம் தள்ளிப்போடலாம், கழிப்பறை, படுக்கை என்று ஒவ்வோர் இடமாகக் கழித்துக்கொண்டே வரலாம். நிகோடின் அளவு குறைந்த திரவத்துக்கு மாறுவதை மட்டும் நம்பி இருக்காதீர்கள், குறைந்ததை ஈடுகட்ட அடிக்கடி இழுப்பார்கள், கணக்கு பழையபடி வந்து நிற்கும். ஆசை மேலே வரும்போது பெரும்பாலும் சில நிமிஷங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்துக்குக் கை சும்மா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நடுவில் ஒரு நாள் சறுக்கினால் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டாம்.

தானாக வந்து சொல்லும் பிள்ளைக்குப் பள்ளியில் தண்டனை இல்லை. மற்றவருக்கு விற்றால் கதை வேறு.

இன்னொன்று, வீட்டில் கருவி கிடைத்தால் கோபத்தில் குப்பையில் வீசாதீர்கள். உள்ளே லித்தியம் பேட்டரி, நசுங்கினால் தீப்பிடிக்கும். மிச்சத் திரவம் சின்னக் குழந்தை வாயில் பட்டால் விஷம். உறையில் போட்டு அலுவலகத்தில் கொடுங்கள், யாருடையது என்று கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்