ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு ஆறு வாரம்

ஆசிரியருக்கு,

மகள் பயோ பிரிவில் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு மாதக்கணக்காக வீட்டில் இருக்கிறாள். போன வாரம் அம்மம்மா குசினியில் மீன் கழுவிவிட்டு வந்ததும், கொரோனா நேரம் வாங்கி அலுமாரியில் கிடந்த, ரத்தத்தில் ஒட்சிசன் அளவு பார்க்கிற ஒக்சிமீற்றரை எடுத்து அவர் விரலில் மாட்டினாள், 86 என்று காட்டியது. வீடே பதறிவிட்டது. கையைத் துடைத்துச் சூடாகத் தேய்த்துத் திரும்ப மாட்டினால் 97. கை குளிர்ந்து விரலுக்கு ரத்தம் குறைவாகப் போனால் இந்தக் கருவி தடுமாறுமாம். 660 நனோமீற்றர் சிவப்பு ஒளியும் 940 நனோமீற்றர் அகச்சிவப்பும் விரலுக்குள்ளால் எவ்வளவு போகிறது என்று பார்த்துத்தான் அது கணக்குப் போடுகிறது என்று அன்றிரவே தேடி வந்து சொன்னாள்.

அதோடு விடவில்லை. தோல் கறுப்பாக இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்டாள். அமெரிக்காவில் 2020இல் வந்த ஒரு ஆய்வில், ஒட்சிசன் குறைந்திருப்பதை இக்கருவி தவறவிட்டது வெள்ளையினத்தவரை விடக் கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட 3 மடங்காம். அப்போ எங்கட நிறத்துக்கு? எனக்குத் தெரியாது. யாரிடம் அனுப்பிக் கேட்பது என்றும் தெரியாது.

அமெரிக்காவில் இப்படிக் கேட்கிற பிள்ளைக்குக் கோடை விடுமுறையில் போக இடம் இருக்கிறது. 1984இல் தொடங்கி இப்போது எம்.ஐ.டி.யில் நடக்கிற ஆர்.எஸ்.ஐ. என்ற ஆறு வார ஆய்வு நிகழ்ச்சிக்குத் தெரிவாகும் பள்ளிப் பிள்ளையிடம் கட்டணமே வாங்குவதில்லை. எங்களுக்குக் கோடை விடுமுறை இல்லை, சரி, ஆனால் ஏ.எல்.லுக்கும் கம்பஸுக்கும் நடுவில் கிடக்கிற காலம் அதைவிட நீளம். ஒரு பக்கம் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகம், மறுபக்கம் ஒலுவிலில் பொறியியல் பீடம், நடுவில் நாங்கள். இவர்கள் சேர்ந்து இருபது பிள்ளைகளை எடுக்க முடியாதா?

நோயாளிகளைத் தொட விடவே வேண்டாம், அதற்கெல்லாம் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பிள்ளைகள் ஒருவர் விரலை ஒருவர் குளிரிலும் சூட்டிலும் அளந்து, எந்தக் கருவி எவ்வளவு பிழைக்கிறது என்று வரைபு போட்டாலே போதும். பழுதாகிக் கிடக்கிற பிரஷர் மீற்றரைத் திறந்து பார்க்கட்டும். வாகரையிலும் பொத்துவிலிலும் இருந்து வருகிற பிள்ளைக்கு பஸ் காசு கட்டாயம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் டவுன் பிள்ளைகளோடு முடிந்துவிடும். தயவுசெய்து இதையும் ரியூசன் ஆக்கிவிடாதீர்கள். முதல் நாள் விளக்கேற்றி, பிரதம அதிதிக்கு மாலை போட்டு, கடைசி நாள் சான்றிதழ் கொடுக்கிற கருத்தரங்குகள் போதுமான அளவு பார்த்தாச்சு.

மகள் இப்போது காலையும் பின்னேரமும் அம்மம்மாவின் விரலை அளந்து கொப்பியில் எழுதுகிறாள். பதினொரு பக்கம் வந்துவிட்டது. இதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது அப்பா என்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
களுவாஞ்சிக்குடி