லேபர் டே லீவுக்கு கேன்யன் போற மகளுக்கு

மக்ளே,

வாட்சப்புல ஒண்ணொண்ணா அடிச்சுப் போட்டா ப்ளூ டிக் மட்டும் விழுது, பதில் வரமாட்டேங்கு. அதான் மொத்தமா ஒரே கடிதமா எழுதி அனுப்புதேன், பிள்ளைகள தூங்க வச்சிட்டு நிதானமா படி. அப்பாவுக்கு சுகர் கொறஞ்சிருக்கு. அத்தை வீட்டு விஷயம் முடிஞ்சிருச்சு, எப்படி முடியும்னு உனக்குத்தான் தெரியுமே. பின்னாடி வேலிய பிரிச்சு சுவர் எடுக்கோம். மத்த ஊர்க்கதையெல்லாம் அப்புறம் சொல்லுதேன், எனக்கு இப்ப அதுல மனசு நிக்கல.

செப்டம்பர்ல வர்ற லேபர் டே லீவுக்கு சியான் பார்க்குக்குப் போறோம், போன தடவ பாக்க முடியாத அந்த நாரோஸ்ங்குற ஒடுக்கமான ஆத்துப் பள்ளத்துல பிள்ளைகள நடக்க வைக்கப் போறேன்னு சொன்னியே, அதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். போகாதன்னு சொல்லல. நான் அப்படிச் சொல்லி நீ கேட்டதும் கிடையாது. ஏப்ரல்ல நாம போனப்ப பனி உருகி ஆத்துல தண்ணி கூடிப்போச்சுன்னு அடைச்சு வச்சிருந்தாங்க, ரிவர்சைடு வாக் முடியுற எடம் வரைக்கும் போயிட்டு திரும்பிட்டோம், பெரியவன் அழுதான். அவனுக்கு அந்த ஆசை இருக்கும், ஞாயந்தான். ஆனா செப்டம்பர் ஏன் மக்ளே? அங்க மழைக்காலம் செப்டம்பர் முடியுற வரைக்கும் இருக்குன்னு நீதானே எனக்குச் சொன்ன?

முதல்ல வண்டிய யாரு ஓட்டுறா, அதச் சொல்லு. பீனிக்ஸ்ல இருந்து ஃப்ளாக்ஸ்டாஃப் ஏறி, கேமரூன் தாண்டி, பேஜ், கனாப் வழியா போறதுக்குள்ள ஒரு பகல் முழுசும் போயிரும், கேமரூனுக்கு அங்கிட்டு மனுச நடமாட்டமே கம்மி, பல எடத்துல போன்ல சிக்னலும் வராது. அப்ப மாப்பிள்ளை ஓட்டுனாங்க, நீ முன்சீட்டுல இருந்து மேப் பாத்து சொன்ன, தூக்கம் வராம இருக்க பேச்சு குடுத்துக்கிட்டே வந்த. இந்தத் தடவ மாப்பிள்ளைக்கு லீவு கிடைச்சிருக்கா? ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டுவீங்களா? நேத்து போன்ல அதக் கேக்க வாயெடுத்தேன், அப்பா பக்கத்துல இருந்து கேக்காதன்னு தலைய ஆட்டுனாங்க, நானும் விட்டுட்டேன். நீயே ஓட்டுறதா இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்து. டேங்க்ல பாதி இருக்கும்போதே பெட்ரோல் போட்டுரு. தண்ணி ஆளுக்கு நாலு லிட்டர் வண்டியில கிடக்கணும். நடக்குறதுக்குத் தூக்கிட்டுப் போறது வேற, வண்டியில கிடக்குறது வேற.

இப்ப மழை விஷயத்துக்கு வாரேன். நீ டீச்சர் மகளா இருந்தும் பாடம் நடத்துனா எந்திரிச்சுப் போயிருவ, இந்த ஒரு பாடத்த மட்டும் எனக்காகக் கேளு. நம்ம குதிரைமொழித் தேரிச் செம்மணல் மேட்டுல எவ்வளவு மழை பெஞ்சாலும் கால்ல சகதி ஒட்டாது, மணலு அப்படியே குடிச்சிரும், ஞாபகம் இருக்கா? சியான்ல மேல நிக்குற பாறையும் ஒரு காலத்துல காத்து அள்ளிக் குமிச்ச தேரி மணலுதான், டைனோசர் காலத்து மணலு, அழுந்தி அழுந்திக் கல்லாயிருச்சு. ரெண்டுலயும் இருக்குற சிவப்பு ஒரே இரும்புத் துருதான். டனல் தாண்டி அந்தப் பக்கம் கட்டம் கட்டமா கோடு விழுந்த மலையக் காட்டி நான் சொன்னேனே, குறுக்க ஓடுற கோடெல்லாம் மணல் மேடு நகர்ந்த தடம்னு. ஆனா கல்லான மணலு தேரி மாதிரி குடிக்காது. பெஞ்ச தண்ணியில பெரும்பகுதி வழுக்குப் பாறையில வழிஞ்சு, எங்க பள்ளம் இருக்கோ அங்க போயிச் சேரும். அந்தப் பள்ளத்துக்குள்ளதான் நீ பிள்ளைகள கூட்டிட்டுப் போறேங்க. ரெண்டு பக்கமும் ஆயிரம் அடி சுவர், நடுவுல ஆறு சில எடத்துல 20, 30 அடி அகலந்தான், பாதிக்கு மேல தண்ணிக்குள்ளயே நடக்கணும். வெள்ளம் வந்தா ஒதுங்கி நிக்க எடம் எங்க இருக்கு?

உன் தலைக்கு மேல வானம் நீலமா இருக்கும், அதத்தான் நம்பக்கூடாது. 1997 ஆகஸ்ட் 12 அன்னைக்கு பேஜ் பக்கத்துல லோயர் ஆன்டலோப் கேன்யன்ல 11 பேர் செத்தாங்க. நாம ஏணி இறங்கிப் போயி போட்டோ எடுத்தோமே, அதே எடம். மழை பெஞ்சது மைல் கணக்குல தள்ளி மேட்டுல, இங்க தண்ணி சுவரா வந்து விழுந்துச்சு, கூட்டிட்டுப் போன கைடு ஒருத்தர்தான் பிழைச்சார். அந்த இரும்பு ஏணியெல்லாம் அதுக்கப்புறம்தான் பாறையில அடிச்சு மாட்டுனாங்க, நாம போன அன்னைக்கு அந்த நவஹோ பழங்குடிப் பையன் சொன்னப்ப நீ சின்னவளுக்குத் தண்ணி குடுத்துக்கிட்டு இருந்த, கேட்டியோ என்னவோ. 2015 செப்டம்பர் 14ல சியான்லயே கீஹோல் கேன்யன்ல 7 பேர், பெர்மிட் வாங்கிட்டு முறையா இறங்குனவங்க. அதே நாள் சாயங்காலம் ஹில்டேல்னு பக்கத்து ஊர்ல வெள்ளம் ரெண்டு வண்டிய அடிச்சுட்டுப் போயிருச்சு, பொம்பளைகளும் பிள்ளைகளுமா 13 பேர். செப்டம்பர் மக்ளே, நீ போறேங்குற அதே செப்டம்பர். இத வாசிச்சிட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரல. வண்டியில பொம்பளைகளும் பிள்ளைகளும் மட்டுந்தான் இருந்திருக்காங்க.

அதனால, போறதுன்னு முடிவாயிட்டா காலையில முதல் வேலையா விசிட்டர் சென்டர்ல போயி அன்னைக்கு வெள்ள அபாயம் என்னன்னு பாரு, தினமும் எழுதிப் போடுவாங்களாம். வராதுன்னு போட்டிருந்தா போ. வரலாம்னு போட்டிருந்தாக்கூட நீ போகக் கூடாது, மத்தவங்க போறாங்களேன்னு பாக்காத, அவங்ககிட்ட உன் பிள்ளைக இல்ல. உள்ள போனதுக்கப்புறம் தெளிவா இருந்த தண்ணி கலங்குனா, குச்சி செத்தை மிதந்து வந்தா, இரைச்சல் கேட்டா, ஒரு நிமிஷம் யோசிக்காத. வெளிய ஓடி ஜெயிக்கலாம்னு பாக்காத, பக்கத்துல எங்க மேடு இருக்கோ அதுல ஏறிரு, நாலஞ்சு அடி ஏறுனாலே உயிர் பிழைக்கும்னு சொல்லுதாங்க. ஒரு கையில ஒரு பிள்ளைதான் பிடிக்க முடியும், அதையும் யோசி. ஆத்துத் தண்ணியில தலைய முக்க விடாத, குடிக்கவும் விடாத, 2020ல இருந்து அதுல ஒரு விஷப்பாசி இருக்கு. சின்னவ எதப் பாத்தாலும் வாயில வைப்பா. தண்ணிய வெறுமனே குடிச்சுக்கிட்டே இருந்தாலும் ஆகாது, உப்பும் உள்ள போகணும். காரச்சேவு, கடலை, உப்பு மாங்கா எல்லாம் எடுத்துக்கோ. கடைசி ஷட்டில் பஸ் எத்தனை மணிக்குன்னு காலையிலயே கேட்டு வச்சிரு, சொந்த வண்டிய அங்க விடமாட்டாங்க. தண்ணிய மறந்துராத.

நீ தைரியசாலி, எனக்குத் தெரியாதா? கிராண்ட் கேன்யன்ல ப்ரைட் ஏஞ்சல் பாதையில என்னை ஒன்றரை மைல் ரெஸ்ட்ஹவுஸ் வரைக்கும் இறக்கிட்டு, ஏறும்போது என் பையையும் நீயே வாங்கி மாட்டிக்கிட்டு, ஒவ்வொரு வளைவுலயும் நின்னு நின்னு கூட்டி வந்தியே. இறங்குறது உன் இஷ்டம், ஏறி வாறது கட்டாயம்னு அங்க சொல்லுவாங்கன்னு சொன்ன. நாப்பது வயசு நெருங்கப் போற என் மக என்னைக் கைப்பிடிச்சு ஏத்துனதப் பாத்து அந்த வெள்ளக்கார அம்மா என்கிட்ட யூ ஆர் லக்கின்னு சொன்னா. ஊருக்கு வந்து எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன் தெரியுமா? இருபது வருசமா பத்தாம் வகுப்புக்கு அட்லஸ்ல விரல வச்சுக் காட்டுன கொலராடோ ஆத்த என் மக கூட்டிட்டுப் போயிக் காட்டுனா. ஆனா ஏட்டி, அவ்வளவு செய்யுற பிள்ளைக்கு வாரத்துக்கு ஒரு தடவ அம்மாவக் கூப்பிட நேரம் இல்லையா? பன்னெண்டரை மணி நேர வித்தியாசம்னு சொல்லாத, அது எப்பவும்தான் இருக்கு. அப்பல்லாம் நாள் தவறாம கூப்பிடுவ.

போட்டோவெல்லாம் பாக்கேன். செடோனா போனது, கதீட்ரல் ராக் முன்னாடி நீயும் பிள்ளைகளும் நிக்குறது, நல்லா இருக்கு, நீ மெலிஞ்சிருக்க. எல்லாம் நீயே கைய நீட்டி எடுத்த மாதிரிதான் இருக்கு. மாப்பிள்ளை எடுக்கலையா? பெரியவன் பொறந்தநாள் போட்டோவுலயும் அவங்களக் காணோம், ஊருக்குப் போயிருந்திருக்கலாம், வேலை இருந்திருக்கலாம். மதனி ஃபேமிலி குரூப்லயே கேட்டுட்டா, நீ ஒரு ஹார்ட் போட்டுட்டுப் போயிட்ட. நான் ஒண்ணும் கேக்கல. பேஜ்ல இருந்து கனாப் வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாம வந்தத நானும் அப்பாவும் பின்னாடி இருந்து பாத்துக்கிட்டுதான் வந்தோம். வெயில், அலைச்சல்னு நெனச்சோம். ப்ரைஸ் கேன்யன்ல சின்னவ அந்தக் கல்லுத் தூணையெல்லாம் காட்டி இவங்க ஏன் பேசாம நிக்காங்கன்னு கேட்டா, அங்கத்த பையூட் பழங்குடி சனங்க அதெல்லாம் ஒரு காலத்துல கல்லாப் போனவங்கன்னு நம்புவாங்கன்னு நீ கதை சொன்ன, சொல்லும்போதே உன் குரல் கம்மிப்போச்சு. அதுவும் எனக்குத் தெரிஞ்சுது.

பெரியவனுக்கு பவல் கதை பாதியில நிக்கு, மிச்சத்த நீ சொல்லிரு. ஒத்தக் கையோட 1869ல கொலராடோவுல படகு விட்டாரே அவர். கிட்டத்தட்ட கடைசியில ஒரு பெரிய சுழிப்பப் பாத்துட்டு மூணு பேர் இனிமே முடியாதுன்னு பிரிஞ்சு மலையேறிப் போயிட்டாங்க, அவங்க திரும்பி வரவே இல்ல. படகுலயே போனவங்க ரெண்டு நாள்ல கரை சேந்துட்டாங்க, அதுவும் எங்க, இப்ப நீங்க நடக்கப்போற அதே வெர்ஜின் ஆறு கொலராடோவுல வந்து சேருற எடத்துல. இதக் கேட்டா அவன் குதிப்பான். மக்ளே, நான் இத எதையும் மனசுல வச்சுச் சொல்லல. பிரிஞ்சு போனவங்க தப்புப் பண்ணாங்கன்னும் சொல்லல. அந்தச் சுழிப்புக்கு முன்னாடி நின்னவங்களுக்குத்தான் தெரியும் எவ்வளவு பயமா இருந்துச்சுன்னு. வெளிய இருந்து யாரும் சொல்லக்கூடாது, நானும் சொல்லமாட்டேன். உங்க அப்பாவும் சொல்லமாட்டாங்க, அத நான் கேட்டுட்டுத்தான் எழுதுதேன்.

இப்ப நான் என்ன சொல்லுதேன்னா, செப்டம்பர வேண்டாம்னு வை. அக்டோபர்ல பிள்ளைகளுக்கு ஃபால் பிரேக் இருக்குல்ல, அதுக்குள்ள மழைக்காலம் முடிஞ்சிரும். என் விசா இன்னும் செல்லும், பாஸ்போர்ட்டும் புதுப்பிச்சாச்சு. அப்பாவ சித்தப்பா வீட்டுல விட்டுட்டு நான் மட்டும் வாரேன், அப்பாவே போயிட்டு வான்னுதான் சொல்லுதாங்க. வண்டிய நீ ஓட்டு, முன்சீட்டுல நான் உக்காந்து மேப் பாக்கேன், எனக்கு மேப் பாக்கத் தெரியும். ஆத்துக்குள்ள ஒரு பிள்ளைய நான் பிடிச்சுக்கிடுதேன், முட்டி வலிச்சா எங்கயாவது ஒரு மேட்டுல உக்காந்துருதேன், முடிஞ்ச தூரம் போவோம். ராத்திரி ஸ்ப்ரிங்டேல்ல ரூமுல பிள்ளைக தூங்குனதுக்கப்புறம் நீ பேசணும்னா பேசு, பேச வேண்டாம்னா கால நீட்டிப் படு. எத்தனை மாசம் இருக்கச் சொன்னாலும் இருக்கேன். எனக்கு ரிட்டயர் ஆயாச்சு, எங்க போயி என்ன செய்யப் போறேன்? இல்ல, நீ பிள்ளைகளக் கூட்டிட்டு இங்கதான் வரணும்னு நெனச்சாலும் மாடி ரூம் சும்மாதான் கிடக்கு, ஏசி போட்டாச்சு.

மாப்பிள்ளையும் வாறதா இருந்தா ரொம்ப சந்தோஷம், அவங்களுக்குப் பிடிச்ச முந்திரிக்கொத்தும் செஞ்சு எடுத்துட்டு வாரேன். வரலேன்னாலும் நான் வாரேன்.

டிக்கெட்ட உன் தம்பி பாத்து வச்சிருக்கான், வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டா விலை கொஞ்சம் கம்மியா இருக்காம். போடவா வேண்டாமான்னு மட்டும் ஒரு வார்த்தை அனுப்பு. கருப்பட்டி எத்தனை கிலோ வேணும்னும் சொல்லு, இந்த வருசம் நல்ல கருப்பட்டி சீக்கிரமே தீந்துரும்போல இருக்கு.

அம்மா