எதிரணிப் பையனுக்கும் ஆசான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லேக்கர்ஸும் செல்டிக்ஸும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதிச்சுற்றில் 12 முறை மோதிய பரம வைரி அணிகள். 2008-இல் செல்டிக்ஸிடம் தோற்ற லேக்கர்ஸ் நட்சத்திரம் கோபி பிரையன்ட், 2010-இல் அவர்களையே வீழ்த்திக் கோப்பையை வென்றார். அப்படிப்பட்டவர் ஓய்வுபெற்ற பின், 2018 கோடையில், செல்டிக்ஸின் இளம் வீரர் ஜேசன் டேட்டமுக்குப் பயிற்சி கொடுத்தார். டேட்டம் சிறுவயது முதலே கோபியின் ரசிகர்.

அடுத்த சீசனில் டேட்டம் கோபியின் பாணியில் கடினமான நடுத்தூர ஷாட்களை அதிகம் எடுத்ததும், கோபிதான் கெடுத்துவிட்டார் என்று சிலர் குறை சொன்னார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஒரே கோடையில் எந்தப் பாடமும் கைக்கு வந்துவிடாது.

2022-இல் கிழக்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டத்தில், கோபியின் 24 என்ற எண் கொண்ட ஊதாப் பட்டையைக் கையில் அணிந்து டேட்டம் ஆடினார். செல்டிக்ஸ் வென்றது. அதைப் பார்க்க, 2020-இல் மறைந்த கோபி இல்லையே என்று அன்று கண் கலங்கிவிட்டது.

இப்படிக்கு,
கூடைப்பந்து ரசிகன்