மன்னன் அல்ல, மக்கள்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் சாக்ரடீஸ் கட்டுரை படித்தேன். விஷக் கோப்பைக்கு அரைப் பக்கம், வழக்குக்கு இரண்டே வரி. சுவையே வழக்கில்தானே இருக்கிறது! 'மன்னன் தண்டித்தான்' என்பதும் பிழை. கி.மு. 399இல் ஏதென்ஸில் ஏது மன்னன்? குலுக்கலில் தேர்வான சுமார் 500 குடிமக்கள்தான் வாக்களித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். இன்னும் 30 வாக்குகள் மாறி விழுந்திருந்தால் கிழவர் விடுதலையாகியிருப்பார் என்கிறார் அவருடைய சீடர் பிளேட்டோ.

அப்புறம், உனக்கு என்ன தண்டனை தரலாம் என்று சாக்ரடீஸையே கேட்டார்கள். ஒலிம்பிக்கில் வென்றவர்களுக்குப் போடுவதுபோல எனக்கும் நகரச் செலவில் சாப்பாடு போடுங்கள் என்றாராம், 70 வயதில்! கடைசியில் நண்பர்களின் பிணையில் 30 மினா (அந்தக் காலக் கிரேக்கப் பண அலகு) அபராதம் கட்டுவதாகச் சொன்னார். எடுபடவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்