ஹெட்போனில் வராத தாளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை என் பேத்தி ரியூசன் விட்டு வந்த கையோடு ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டினாள். "அம்மம்மா, இதைக் கேட்டா படிச்சதெல்லாம் மறக்காதாம், வாங்கித் தாங்கோ" என்றாள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போகிற பிள்ளை. வாங்கிப் படித்தேன். காதில் ஹெட்போனை மாட்டி, அவர்கள் தருகிற ஒலியைக் கேட்டபடி கண்ணை மூடி, ஆடாமல் அசையாமல் அரை மணித்தியாலம் இருந்தால் மூளையில் தீட்டா அலை எழும்புமாம், ஞாபகசக்தி கூடுமாம். மாதக் கட்டணம் ஒரு கூலித் தொழிலாளியின் இரண்டு நாள் சம்பளம். முப்பது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான், இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

தீட்டா என்பது கட்டுக்கதை இல்லை, அதுதான் இதில் உள்ள ஆபத்து. காதுக்கு நேரே மூளையின் உள்ளே ஆழத்தில் வளைந்த ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு ஹிப்போகம்பஸ் என்று பெயர், கிரேக்கத்தில் கடற்குதிரை என்று அர்த்தம். இன்று நடந்ததை நாளைக்கு நினைவில் எடுக்க வேண்டும் என்றால் அந்தப் பகுதி நன்றாக இருக்க வேண்டும். 1938 இல் ஜேர்மனியில் யுங், கோர்ன்முல்லர் என்ற இருவர் முயலின் ஹிப்போகம்பஸில் ஒழுங்கான ஒரு மின் அலையைப் பதிவு செய்தார்கள். அதைத்தான் பிற்பாடு தீட்டா என்றார்கள். எலியில் அது செக்கனுக்கு 6 முதல் 10 தடவை வரை அடிக்கும்.

சரி, எப்போது அடிக்கும்? பிரசுரத்தை எழுதியவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. கனடாவில் வாண்டர்வூல்ஃப் என்ற ஆய்வாளர் 1969 இல் வெளியிட்ட முடிவு தெளிவாக இருக்கிறது. எலி நடக்கும்போதும், பாயும்போதும், நீந்தும்போதும் தீட்டா பெரிதாக, ஒழுங்காக வருகிறது. அதே எலி ஓரிடத்தில் இருந்து மயிரை நக்கிச் சுத்தம் செய்யும்போதும் தீனியை மெல்லும்போதும் அது அடங்கிவிடுகிறது. அதாவது தன் விருப்பத்தில் எழும்பி ஓரிடத்துக்குப் போகிற, தேடிப் பார்க்கிற உடம்போடு சேர்ந்த தாளம் அது. பிரசுரமோ பிள்ளையை அசையாமல் இருக்கச் சொல்கிறது!

இது நினைவோடு எப்படிச் சேர்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஓரிடத்தைத் தேடிப் போகப் பழகிய எலிகளில், இந்தத் தாளத்தை ஓட்டுகிற செப்டம் என்ற பகுதியைச் சேதப்படுத்தி தீட்டாவை இல்லாமல் ஆக்கினார் வின்சன் என்ற ஆய்வாளர், 1978 இல். பழகிய இடத்தை அந்த எலிகளால் திரும்பக் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம் 2014 இல் நோபல் பரிசு பெற்ற ஜோன் ஓகீஃப். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கிற நரம்புக் கலங்களை ஹிப்போகம்பஸில் கண்டவர் அவர். 1993 இல் அவரும் ரெக் (Recce) என்ற ஆய்வாளரும் இன்னொன்றைச் சொன்னார்கள். நம்முடைய ஊரில் வைத்துச் சொல்கிறேன், ஆய்வு நடந்தது எலியில்தான். கல்லடிப் பாலத்தில் நடக்கிறீர்கள், தொடக்கத்துக்கு ஒரு கலம், நடுவுக்கு ஒரு கலம், அந்தக் கரைக்கு ஒரு கலம் என்று வையுங்கள். நடுவை நெருங்கும்போது நடுப்பாலத்துக் கலம் தீட்டாத் தாளத்தின் ஒரு அடிக்குள் பிந்தித் துடிக்கும், நடக்க நடக்கத் தாளத்தின் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக முந்தி வரும். இதனால் தாளத்தின் ஒரே அடிக்குள் கடந்த இடம், நிற்கிற இடம், வரப்போகிற இடம் மூன்றும் அதே வரிசையில் வந்து விழுகின்றன. மத்தளத்தின் தாளக்கட்டுக்குள் சொற்கட்டு வரிசையாக விழுவதைக் கூத்துக் களரியில் கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும்.

மனிதரில் இந்தத் தாளம் எலியைவிட மெதுவாக, விட்டு விட்டுத்தான் வருகிறது. அதை நேரடியாகப் பதிவு செய்ததெல்லாம் வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனை வைத்த நோயாளிகளிடம். ஹெட்போனில் வருவது வேறு சங்கதி. 6 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 6 தடவை அதிர்கிற ஒலி நம் காதுக்குக் கேட்கவே கேட்காது, ஆகவே ஒரு காதில் 400 ஹேர்ட்ஸ், மற்றக் காதில் 406 ஹேர்ட்ஸ் என்று இரண்டு ஒலியைக் கொடுத்து, அந்த 6 வித்தியாசத்தை ஒரு அதிர்வாக உணர வைக்கிறார்கள். அந்த அதிர்வை உணர்வதும் ஹிப்போகம்பஸ் தன் தாளத்தில் வேலை செய்வதும் ஒன்றல்ல.

பெற்றோரிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது நித்திரையைப் பற்றி. எலி, சுண்டெலிகளில் தீட்டா பலமாக வருகிற இன்னொரு நேரம் கனவு காணும் நித்திரை. 2016 இல் வெளிவந்த ஆய்வொன்றில், அந்த நித்திரை நேரத்தில் மட்டும் செப்டத்தின் சில கலங்களை ஒளியால் அடக்கி, சுண்டெலிகளின் தீட்டாவைக் குறைத்தார்கள். எந்தப் பொருளை எங்கே பார்த்தோம் என்பது மறுநாள் அவற்றுக்கு நினைவில்லை. வேறு நேரத்தில் அதே கலங்களை அடக்கியபோது அப்படி நடக்கவில்லை. மனிதரில் கனவு நித்திரை அதிகம் வருவது விடியப்புறத்தில். நாங்களோ அந்த நேரம் பார்த்து 4 மணிக்கு அலாரம் வைத்து, தேத்தண்ணி கொடுத்து, பிள்ளையைப் புத்தகத்துக்கு முன்னால் இருத்துகிறோம். பாடசாலை விட்டால் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணித்தியால நித்திரை வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. என் பேத்திக்கு 6 கூடக் கிடைப்பதில்லை என்று எண்ணிப் பார்த்தபோது எனக்கே நெஞ்சு பதறிவிட்டது, இத்தனை நாளும் அதே வீட்டில் இருந்துகொண்டு நானும் கவனிக்கவில்லை.

நடந்தால் புலமைப்பரிசில் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் ஒரு பிரசுரம் அடித்தவள் ஆகிவிடுவேன். பிள்ளையை அசைய விடாமல், தூங்க விடாமல் வைத்துக்கொண்டு ஞாபகத்தைக் காசுக்கு வாங்கப் பார்க்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். ரியூசன் நடத்துகிறவர்களும் ஞாயிறு ஒரு நாளையாவது விட்டுக் கொடுக்கலாம். பிள்ளைகள் கடற்கரைக்குப் போகட்டும், சைக்கிள் ஓடட்டும், தெரியாத ஒழுங்கைக்குள் புகுந்து வழி கண்டுபிடித்து வீடு வந்து சேரட்டும்.

என் மகளோடு பேசி 4 மணி அலாரத்தை நிறுத்திவிட்டோம். உங்களிடம் ஒரு வேண்டுகோள், இப்படியான விளம்பரம் உங்கள் பத்திரிகைக்கு வந்தால் அச்சடிக்க முதல் ஒரு நரம்பியல் வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.