அந்தப் பசைப் புட்டி

அன்புள்ள மகளே,

நேற்று இரவு வீடு அடங்கிய பிறகு கூடத்து விளக்குகளை அணைத்துவிட்டு, கையில் டார்ச்சுடன் ஒரு பலகைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சத்தை நேராக அடித்தால் பழுப்பும் நீலமும் கலந்த ஒரு பரப்பு, அவ்வளவே. டார்ச்சைப் பலகையின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்ததும் ஒவ்வொரு மேடும் தன் நிழலை எறிந்தது. நூல் போன தடம், அட்டையின் நெளிவு, லேஸின் ஓட்டைகள், மணல் எல்லாம் எழுந்து நின்றன. உடனே உன்னை அழைக்கத் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். பேசினால் சொல்ல வேண்டியதை விட்டுவிடுவேன் என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மூன்று நாள் விடுமுறைக்கு உன் அண்ணன், அண்ணி, குட்டி மூவரும் வந்திருந்தார்கள். எங்கும் போவதில்லை என்று வந்த அன்றே முடிவாகிவிட்டது. முதல் நாள் காலை முழுக்க யாரும் எதுவும் செய்யவில்லை. உன் அண்ணன் தரையிலேயே படுத்துத் தூங்கினான். அம்மா பாதியில் விட்டிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டாள். இப்படி ஒரு காலைப்பொழுது இந்த வீட்டில் கழிந்து எத்தனை காலம் ஆயிற்று!

தொடங்கி வைத்தவள் குட்டி. என் மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்து தரையில் கொட்டிவிட்டாள். அறுந்த பொத்தான்கள், பூட்டு இல்லாத சாவிகள், நூல்கண்டு, பழைய உறைகள், பஸ் டிக்கெட்டுகள். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, "தாத்தா, இது ஒரு ஊர்" என்றாள். சாவிகள் மரங்களாம், உறைகள் வீடுகளாம். அடுக்கி முடித்ததும், "இதைக் கலைக்காமல் அப்படியே வைக்க முடியுமா?" என்று கேட்டாள். நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்த் தன் பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து வந்தாள். ஒன்றில் ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சு, மற்றொன்றில் மாடலிங் பேஸ்ட் என்ற, மேடாகப் பூசும் கெட்டிக் குழம்பு. மாலை வேளைகளில் அவள் தனியாக, சாயத்தோடு பல பொருள்களையும் சேர்த்து ஒட்டும் இந்தக் கலப்பு ஊடக ஓவியங்களைச் செய்துவருகிறாளாம். இத்தனை வருடம் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

பரணில் கிடந்த பிளைவுட் பலகையை இறக்கினோம். மூன்றடி நீளம், இரண்டடி அகலம் இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, ஜெஸ்ஸோ பூசினோம். சுண்ணாம்புத்தூள் போன்ற நுண்தூளும் வெள்ளை நிறமியும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் பசையோடு கலந்த பூச்சு அது. காய்ந்ததும் தொட்டால் லேசாகச் சொரசொரக்கும், அடுத்து வருவதை இறுகப் பிடித்துக்கொள்ளும். முன்பக்கம் இரண்டு முறை பூசி முடித்ததும் அண்ணி பலகையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் பூசச் சொன்னாள். யாரும் பார்க்காத பக்கத்துக்கு எதற்கு என்று கேட்டேன்.

"ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் வளைந்துவிடும் மாமா. காகிதமானால் இன்னும் மோசம். நனைந்த பக்கத்து நார்கள் உப்பும், காயும்போது சுருங்கி இழுக்கும், படகு மாதிரி சுருண்டுவிடும். பின்னாலும் ஒரு பூச்சுக் கொடுத்தால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகிவிடும்."

படகு மாதிரி என்று அவள் சொன்னதும் என் கை நின்றுவிட்டது.

உனக்கு அப்போது ஏழு வயது. அதுவும் ஒரு விடுமுறை நாள். கோப்புகளை ஒட்டுவதற்காக அன்று காலைதான் ஒரு பெரிய பசைப் புட்டி வாங்கி வைத்திருந்தேன். மதியம் திரும்பி வந்தபோது புட்டி காலியாகக் கிடந்தது. முழுப் பசையையும் ஒரு வரைபடத்தாளில் ஊற்றி, முற்றத்து மணலைக் கை கையாக அள்ளிப் போட்டிருந்தாய். தாள் இரண்டு ஓரமும் சுருண்டு படகாக நின்றது. தூக்கியதும் மணல் தரையெல்லாம் உதிர்ந்தது. "இது ஒரு படமா?" என்று கத்தினேன். உன் கண் முன்னாலேயே அதைக் குப்பைக்கூடையில் போட்டேன். நீ அழவில்லை. ஈரத்துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தாய். அதற்குப் பிறகு நீ வரைந்ததெல்லாம் பென்சிலால், கோடு தாண்டாமல், சுத்தமாக. எவ்வளவு நேர்த்தி என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

நீ இதை மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை என்பது இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

இரண்டாம் நாள் முழுக்க மேடு பள்ளம் உண்டாக்கும் வேலை. அட்டைப்பெட்டியின் மேல்தாளை உரித்தால் உள்ளே நெளிநெளியாக இருக்கிறதே, அது குட்டியின் ஊருக்கு வயல் ஆயிற்று. டிஷ்யூ காகிதத்தைக் கசக்கிப் பிரித்துப் பசையில் படியவைத்தால் தோல் போன்ற சுருக்கம் வருகிறது. மாடலிங் பேஸ்ட்டைக் கத்தியால் தடவி, ஈரமாக இருக்கும்போதே பழைய சீப்பால் இழுத்தால் உழுத நிலம். லேஸை அதன்மேல் அழுத்தி எடுத்தால் அச்சு விழும். எடுக்காமல் விட்டால் அதுவே பலகையின் பகுதி. அம்மா அப்படியே விடச் சொன்னாள்.

தன் அம்மா எழுதிய கடிதம் ஒன்றையும் அதில் வைக்க வேண்டும் என்று உன் அம்மாவுக்கு ஆசை. அண்ணி அசலைத் தொடவே விடவில்லை. லேசர் அச்சில் நகல் எடுத்தோம். இங்க்ஜெட் அச்சாக இருந்தால் பெரும்பாலும் ஈரம் பட்டதும் எழுத்து கரைந்து ஓடிவிடும். லேசர் அச்சில் தூள் சூட்டில் உருகித் தாளோடு ஒட்டியிருப்பதால் ஓடாது. செய்தித்தாளையும் அண்ணி தவிர்த்தாள். மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்தில் பழுப்பேறி, தாளை நொறுங்கவைத்துவிடுமாம். பாட்டியின் கையெழுத்து இப்போது லேஸுக்கு அடியில் பாதி தெரிந்தும் தெரியாமலும் இருக்கிறது. அம்மா அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். கண்ணால் படிப்பதைவிட விரலால் படிப்பது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

உன் அண்ணனின் அவசரம் உனக்குத் தெரியாததா? தன் மூலையில் பேஸ்ட்டைக் கனமாக அப்பிவிட்டு ஹேர் டிரையரை வைத்து ஊதினான். மேலே தோல் கட்டிக்கொண்டது, உள்ளே ஈரம் அப்படியே நின்றது. சற்று நேரத்தில் நடுவில் வெடித்துவிட்டது. முகம் வாடிப்போய் அதைச் சுரண்டக் கத்தியை எடுத்தான். அண்ணி கையைப் பிடித்துத் தடுத்து, நாளைக்கு நிறம் ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். அது போன்ற ஒரு சொல் அன்று எனக்கும் வாய்த்திருக்கலாம்.

இந்த வேலை விடுமுறைக்கு ஏன் இவ்வளவு பொருந்தியது என்றால், அது காத்திருக்கச் சொல்கிறது. ஒவ்வொரு அடுக்கும் காய வேண்டும். கனமான பூச்சுக்கு ஓர் இரவு வேண்டும். அந்த நேரத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. கை கழுவிவிட்டு வந்து படுத்தோம், பேசினோம், மறுபடி தூங்கினோம். உன் அண்ணன் தன் வேலையில் இருக்கும் சங்கடங்களை முதல்முறையாக என்னிடம் சொன்னது அப்படி ஒரு காயும் நேரத்தில்தான். அது பெரிய கதை, அவனே உனக்குச் சொல்லட்டும்.

ஒரு காயும் நேரத்தில் குட்டி வெள்ளைத்தாளைத் தரையில் விரித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தரையின் கீறல்களெல்லாம் தாளில் ஏறின. பிறகு மரப்பெட்டி மூடி, என் செருப்பின் அடிப்பாகம் என்று வீடு முழுக்கத் தேய்த்து வந்தாள். மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஓவியர் 1925இல் மரத்தரையின் வரிகளைப் பார்த்து இதே முறையைக் கையாண்டார் என்றும் அதற்கு ஃப்ரோத்தாஜ் என்று பெயர் என்றும் அண்ணி சொன்னாள். குட்டிக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துவிட்டது. அத்தையிடம் நானே சொல்வேன் என்றிருக்கிறாள், ஆகவே தெரியாதது போலக் கேட்டுக்கொள். அந்தத் தாள்களில் இரண்டைக் கிழித்து வானத்தில் ஒட்டியிருக்கிறோம்.

அன்று மாலை அண்ணி இன்னொருவரைப் பற்றியும் சொன்னாள். ஜார்ஜ் பிராக். வீடுகளுக்கு வண்ணமடிக்கும் குடும்பத்தில் பிறந்து, அந்தத் தொழிலையே முதலில் கற்றவர். 1912 வாக்கில் அவர் ஓவியச் சாயத்தில் மணலைக் கலந்து பூசத் தொடங்கினார். அதே ஆண்டு மரவரி அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டித் தன் படத்தில் ஒட்டினார். அவருடைய நண்பர் பிக்காசோவும் அந்த ஆண்டில்தான் பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியைப் படத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு உன் தாள்தான் கண்ணில் நின்றது. பசையும் மணலும். ஏழு வயதில் யாரும் சொல்லித்தராமல் நீயாகக் கண்டுபிடித்தது.

அப்போதுதான் அவர்கள் எல்லோரிடமும் அந்தக் கதையைச் சொன்னேன். அம்மாவுக்கு அது நினைவிருந்தது. அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "மணல் கொண்டுவாருங்கள்" என்று மட்டும் சொன்னாள்.

மணலை மூன்று தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் உலர்த்தி, சல்லடையில் சலித்தேன். என் பங்காகப் பலகையின் இடது மூலையைக் கொடுத்தார்கள். பசையை ஊற்றினேன். நீ ஊற்றியதைப்போலத் தாராளமாக ஊற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன், கை வரவில்லை. இரண்டாம் முறை வந்தது. மணலைப் பசையிலேயே குழைத்துக் கத்தியால் பரப்பச் சொன்னாள் அண்ணி. நான் நீ செய்ததுபோலத் தூவவே விரும்பினேன். அதற்கும் வழி இருக்கிறது. தூவி, தட்டையாக அழுத்தி, காயவிட்டு, உதிர்வதை உதிரவிட்டு, மேலே பசையைத் தண்ணீரில் இளக்கி மெல்லிதாக ஒரு பூச்சு. ஈரத்தில் பால்போல் வெளுத்திருக்கும், தண்ணீர் போனதும் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். அதன்பிறகு கையால் தேய்த்தேன். ஒரு மணிகூட உதிரவில்லை.

உன் படத்துக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான் அம்மா. தாளுக்கு அடியில் ஒரு பலகை. மணலுக்கு மேலே இன்னொரு பூச்சு. குப்பைக்கூடைக்குப் போவதற்குப் பதில் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இரண்டையும் நாம் தேடிக் கண்டுபிடித்திருப்போம். என்னை மன்னித்துவிடு.

மூன்றாம் நாள் நிறம். பழுப்பு அக்ரிலிக் சாயத்தை நிறையத் தண்ணீரில் இளக்கிப் பலகை முழுக்க ஓடவிட்டு, உடனே துணியால் ஒற்றி எடுத்தோம். மேடுகளில் நிறம் போய்விட்டது, பள்ளங்களில் தங்கிவிட்டது. அதுவரை வெள்ளையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்த பொருள்களெல்லாம் ஒரே நிலமாயின. உன் அண்ணனின் வெடிப்புக்குள் பழுப்பு இறங்கி, வற்றிய ஏரியின் படுகை அப்படியே வந்துவிட்டது. பலகையிலேயே அழகான இடம் அதுதான் என்று அடித்துச் சொல்வேன். பழுப்பு காய்ந்ததும், நீலம் தொட்ட தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, உலர்ந்த நிலையிலேயே மேடுகளின்மேல் உரசியும் உரசாமலும் இழுத்தோம். சாவிகள் மினுங்கின. லேஸில் பூக்கள் வந்தன. குட்டி எழுந்து நின்று கைதட்டினாள்.

இன்று காலை அவர்கள் கிளம்பிவிட்டார்கள். பலகையைக் கூடத்தில், ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். காலை வெயில் அந்தச் சுவரில் பக்கவாட்டில் விழும். படம் எடுத்து அனுப்பலாம், ஆனால் புகைப்படத்தில் அது தட்டையாகிவிடுகிறது. நீ வரும்போது தொட்டுப் பார்.

கூடைக்குள் போடும்போது கவனித்த ஒன்று இத்தனை வருடமும் என்னோடு இருந்திருக்கிறது. உன் தாளின் நடுவில், மணல் படாமல் வட்டமாக ஓர் இடம் விட்டிருந்தாய். சுற்றிலும் விரலால் கரை ஒதுக்கியிருந்தாய். அங்கே பசை மட்டும் பளபளத்தது. என் மூலையிலும் அப்படி ஓர் இடம் விட்டிருக்கிறேன், ஆனால் அது என்னவென்று எனக்குத் தெரியாது. குட்டி குளம் என்கிறாள், அம்மா நிலவு என்கிறாள். அது என்ன? உனக்கு நினைவிருந்தால் எழுது.

அன்புடன்,
அப்பா