ஒளி மங்கியது மாசாலா, உப்பாலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நீரில் உலோக மாசு இருந்தால் தம் ஒளி மங்கிக் காட்டும், ஒளிரும் பாலிமர் (நீள் சங்கிலி மூலக்கூறு) நானோ துகள்களை நம் இராமநாதபுரம் கடற்கரை நீரில் சோதிக்க முனையும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே மாசே இல்லாவிட்டாலும் அந்த ஒளி மங்கும். காரணம் உப்பு.

காய்ச்சி வடித்த நீரில் இத்துகள்கள் ஒட்டாமல் மிதப்பது மேற்பரப்பின் எதிர்மின்சுமையால்தான். அந்தத் தள்ளுவிசை, 1 மில்லிமோலார் (லிட்டருக்குச் சுமார் 0.06 கிராம்) உப்புக் கரைசலில் சுமார் 10 நானோமீட்டர் எட்டும்; லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் அரை நானோமீட்டர்கூட எட்டாது. எலுமிச்சை பிழிந்த பால்போலத் துகள்கள் திரிந்துவிடும். திரண்டபின் ஒளி ஆற்றல் பக்கத்துப் பாலிமர் சங்கிலிகளுக்குத் தாவி வீணாகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் மெக்னீசியமும் 0.4 கிராம் கால்சியமும் வேறு உண்டு. இரட்டை மின்சுமை கொண்ட இவை சோடியத்தைவிட மிகக் குறைந்த அளவிலேயே திரிக்கும். வெறும் சோடியம் குளோரைடில் தாக்குப்பிடித்த துகள் தொண்டிக் கடல்நீரிலும் நிற்கும் என்று நம்புவது தவறு.

ஆகவே ஒப்பீட்டுக்குக் காய்ச்சி வடித்த நீர் உதவாது. மெக்னீசியம், கால்சியம் சேர்த்து அதே உப்புத்தன்மையில் தயாரித்த செயற்கைக் கடல்நீர் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் உப்பு இறங்கும், கோடையில் ஏறும். மாதிரி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். கடல்நீரை 0.2 மைக்ரான் வடிகட்டியில் முதலில் வடித்துவிட்டுப் பிறகு துகளைச் சேர்க்கவும். சேர்த்தபின் வடித்தால் திரண்டவை வடிகட்டியிலேயே தங்கிவிடும். அமில-கார நிலையை மாறாமல் வைக்கும் பாஸ்பேட் பஃபர் வேண்டவே வேண்டாம், கால்சியத்தோடு சேர்ந்து வீழ்படியும். துகள் கரைசலில் அடர் உப்புநீரைச் சொட்டினால் சொட்டு விழுந்த இடத்திலேயே கட்டி கட்டும். கலக்கிக்கொண்டே உப்புநீரில் துகளை ஊற்றுவதே முறை. உடனே ஒரு முறை, 1 மணி நேரத்தில் ஒரு முறை, மறுநாள் ஒரு முறை ஒளியையும் துகள் அளவையும் குறிக்கவும். மங்கியதைக் காய்ச்சி வடித்த நீரில் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, அந்த நீர்த்தலைக் கணக்கிட்டுப் பார்த்தால், ஒளி மீண்டால் காரணம் அயனிகளின் தணிப்பு, அதாவது கரைந்த அயனிகள் ஒளியை அடக்கியது. மீளாவிட்டால் பெரும்பாலும் திரிதல்.

வாலிநோக்கம் உப்பளத்தின் 25 டிகிரி பாமே (உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் அளவு) நீருக்கு இன்னொரு சிக்கல். அதன் பாகுநிலை (ஓட்டத்தைத் தடுக்கும் பிசுக்குத்தன்மை) சாதாரண நீரைப்போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. துகள் அளவைக் காணும் ஒளிச்சிதறல் கருவியில் அந்த மதிப்பை மாற்றாவிட்டால், திரியாத துகளும் இரு மடங்கு பெருத்ததாகக் காட்டும்.

இப்படிக்கு,
கூழ்ம வேதியியல் கற்பிப்போர்,
மண்டபம்